ஒண்டுக்குடித்தனம்

ரூஸே நகரில் மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே டான்யூப் இருக்க வேண்டும், பனியில் தெரியவில்லை.
மேஜைக்கடியில் ஒரு சர்வர்,
நாற்பத்தொன்றில் முடியும் ஒரே ஐ.பி. எண்,
அதில் இருநூற்றுப் பதின்மூன்று குடித்தனங்கள்:
பல்வைத்தியர் த்ஸ்வெத்தான்,
தேனீ வளர்ப்போர் சங்கம்,
கல்யாண கேக் செய்யும் ரலிட்சா,
விடுதலையான கைதிகளின் சதுரங்கக் குழு,
சவப்பெட்டி விற்கும் ஷிஷ்மானோவ்.

வருகிறவர் பெயரைச் சொன்னால்
அவரவர் அறைக்கு அனுப்பிவிடுவேன்.
பெயர் சொல்லாமல்
எண்ணை மட்டும் தட்டுகிறவனுக்கு
அகரவரிசையில் முதலில் நிற்கும்
மீன்தொட்டிக் கடை திறக்கும்.
எத்தனை ரோபோக்கள்
தங்கமீன் பார்த்துத் திரும்பின என்று
என் பதிவேட்டில் இருக்கிறது.

மார்ச்சில் கேக் கடையின் பூட்டை உடைத்து
ஒரே இரவில் எண்பதாயிரம் மின்னஞ்சல்
அனுப்பிவிட்டான் எவனோ.
ஒரு சோறு பதம் பார்த்தவர்கள்
பானையையே தெருவில் கவிழ்த்தார்கள்.

வியாழன் காலை ஷிஷ்மானோவ் வந்தார்,
தொப்பியைக் கழற்றாமல்.
"செத்தவரின் மகன் வார்னாவில்.
அடக்கம் பதினொரு மணிக்கு என்று எழுதினேன்.
கடிதம் திரும்பிவிட்டது.
அவன் வரவில்லை."
நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

தனி எண் வேண்டும் என்றார்.
மாதம் எட்டு லெவா, எண்ணி வைத்தார்.
நாற்பத்தாறு காலியாக இருந்தது.
மாற்றி எழுதிவிட்டு,
ஊர் உலகத்துக்குத் தெரிய ஒரு நாள் ஆகும் என்றேன்.
"சாவுச் செய்திக்கே அவ்வளவு நேரம் ஆகாது" என்றார்.

நாற்பத்தாறில் முன்பு
சூதாட்ட நிலையம் ஒன்று இருந்திருக்கிறது.
மறுநாள்தான் கண்டேன்.
நள்ளிரவு இரண்டு மணிக்கு
பழைய பெயரைச் சொல்லிக்கொண்டு
இன்னமும் வருகிறார்கள்,
சவப்பெட்டிகளின் நடுவே நின்று
சீட்டைத் தேடுகிறார்கள்.

ஷிஷ்மானோவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.
வெகுநேரம் யோசித்தார்.
"வரட்டும்.
விலைப்பட்டியலை மேலே போடு."

நாற்பத்தொன்றை விடுவிக்கச் சொல்லி
யார் யாருக்கோ விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தபோது
ரலிட்சா ஒரு கேக்கோடு வந்தாள்.
யாரிடம் மன்னிப்புக் கேட்பது,
அவளுக்குத் தெரியவில்லை.
ஒரே எண்ணில் ஏழு வருடம் இருந்தவர்கள்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

வெட்டினேன்.
முதல் துண்டை
மீன்தொட்டிக் கடைக்காரனுக்கு எடுத்து வைத்தேன்.
பெயர் சொல்லாத எல்லோரையும்
இத்தனை நாள் உள்ளே விட்டவன்.
அது அவனுக்கே தெரியாது.