மூன்று ஏ அறை

நாலு என்றால் சாவு என்று ஒலிக்குமாம் சீனத்தில்,
அதனால் எங்கள் கரவோக்கேயில் நாலாம் அறை கிடையாது.
மூன்று, மூன்று ஏ, ஐந்து.
பினாங்கு ரோட்டுப் பின்சந்தில் மாடிப்படி ஏறினால்
முதலில் நான், பிறகு செருப்பு அலமாரி, பிறகு அறைகள்.
மணிக்குப் பதினெட்டு வெள்ளி,
பத்துக்கு மேல் கச்சாங் இலவசம்.

வியாழன்தோறும் யோகமலர் வருவாள்,
பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து,
தொப்பி அழுத்திய கோடு நெற்றியில் மறையாமல்.
தனியாகத்தான். மூன்று ஏ-தான்.
ஒரே பாட்டு.
அந்தப் படம் வந்தபோது அறந்தாங்கியில் நான் ஆறாவது.
வெளியே மழை பெய்ய, நாயகி பேசாமல் அரிசி களைவாள்.

என்ன பாட்டும்மா அது, என்றேன் முதல் நாள்.
"காபி."
பால் விட்டா, ஓ-வா என்று கேட்டேன்.
அவள் சிரித்ததில் மைக் ஊளையிட்டது.
ராகத்தின் பெயராம்.
கச்சேரியில் முக்கால் மணி நேரம் விரியுமாம்,
படத்தில் அதற்குக் கிடைத்தது நாலரை நிமிடம்,
அதிலும் ஒரு நிமிடம் மழை.

பாடி முடித்தால் திரை மதிப்பெண் போடும்.
அறுபத்தொன்று.
அடுத்த வாரம் ஐம்பத்தெட்டு.
ஐந்தாம் அறையில் பீர் குடித்த நால்வர்
மேசையைத் தட்டிக் கத்தியதற்கு எழுபத்துமூன்று.

ஒருநாள் காட்டினாள்:
திரையில் ஓடும் நீலக் கோடு மெட்டு,
சிவப்புக் கோடு அவள் குரல்.
நீலம் படிபடியாக ஏறி நிற்கும்.
சிவப்போ காந்தாரத்துக்கு வந்தால் நிற்பதில்லை,
மத்யமத்தைத் தொட்டுத் தொட்டு இறங்கும்,
கயிறு மாட்டும்வரை ஃபெர்ரி ஆடுமே, அந்த மாதிரி.
ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மதிப்பெண் போகும்.
"எங்க லைன்லயும் இதேதான்.
கோடு தாண்டுனா சிவப்புத் தட்டு.
நானே ஒரு நாளைக்கு நானூறு தூக்கிப் போடுறேன்."

பிறகு சரணத்தில் ஓர் இடம்.
வயலின்கள் ஒதுங்க, அதுவரை வராத வேறொரு காந்தாரம்
கொஞ்சம் உயரத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.
"இது இந்த ராகத்து ஆள் இல்ல. அந்நிய சுரம்.
காபி உள்ள விட்டுக்கும்."
எவ்வளவு நாளைக்கு, என்றேன்.
என் பெர்மிட் மார்ச்சில் முடிகிறது.
லிம் முதலாளி 'பார்க்கலாம்' என்று மூன்று முறை சொல்லிவிட்டார்.
"அரை செகண்ட்," என்றாள்,
திரையைப் பார்த்தபடி.
அப்புறம் எதற்கோ பாட்டைப் பின்னுக்கு ஓட்டி
அதை இன்னொரு தடவை வரவழைத்தாள்.

நவம்பரில், குடையிலிருந்து படியெல்லாம் சொட்ட வந்தவள்
"இன்னிக்கு மெஷின் சொல்றபடி," என்றாள்.
ஆட்டமே இல்லாமல் பாடினாள்,
சுரத்துக்குச் சுரம் சதுரம் சதுரமாய்,
லிஃப்ட் மாடி எண் சொல்வதுபோல.
தொண்ணூற்றெட்டு.
திரையில் வாணவேடிக்கை, கைதட்டல்.
என் கவுண்டரில் கூப்பன் ஒன்று அச்சாகி வந்தது:
ஒரு ஜக் ஐஸ் லெமன் டீ.
கொண்டுபோய் நீட்டினேன்.
அவள் அந்தப் பாட்டை மறுபடி போடவில்லை.
வேறு எதையும் போடவில்லை.
நாற்பது நிமிடம் மிச்சம் இருந்தது.

கடை மூடும்போது
கருப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து
மூன்று ஏ-யின் திரையில்
எண் வரும் இடத்தை அளந்து ஒட்டினேன், இரண்டு அடுக்கு.
முதலாளி கேட்டால் திரை போச்சு என்று சொல்ல இருந்தேன்.
கேட்கவில்லை.

அடுத்த வியாழன்,
கச்சாங் தட்டோடு கதவுக் கண்ணாடியில் நின்றேன்.
சிவப்பு நீலத்தைச் சுற்றிச் சுற்றி அலைந்தது.
சரணம் வந்தது, வயலின்கள் ஒதுங்கின,
அந்த ஆள் வந்தான்.
இந்தமுறை அவள் அவனைச் சற்றுக் கூடுதலாக வைத்திருந்தாள்,
இசையமைப்பாளர் கொடுத்ததைவிட,
பின்னணி அடுத்த வரிக்குப் போய்விட்ட பிறகும்.