மணிக்கட்டில் ஒரு புள்ளி

முதல் காதுக்கு நாற்பத்து மூன்று புள்ளி வைத்தேன்.
யாரோ ஒரு கல்யாண மாப்பிள்ளை.
அச்சாகி வந்தபோது எலி கொறித்த முறுக்கு.
முதலாளி திட்டவில்லை,
ஃப்ளெக்ஸ் காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

திருப்பூரில் பதினோரு வருசம் ஓவர்லாக் அடித்தவள் நான்.
கழுத்து வளைவென்றால் துணியைத் திருப்பினால் போதும்,
ஊசி நின்ற இடத்தில் நிற்கும்.
இங்கே துணி அசையாது.
மவுஸை வளைத்து வளைத்து இழுத்தால்
குடித்தவன் மொபெட் ஓட்டிய தடம்.

மூன்றாம் வாரம்,
தூக்குப்போசியில் சோறு ஆறிக்கொண்டிருந்தபோது
பிடிபட்டது.
வளைவை நான் வரையவே வேண்டாம்.
புள்ளியை ஊன்றி, விரலை எடுக்காமல்,
போகிற பக்கம் கொஞ்சம் இழுத்தால்
ஒரு கைப்பிடி முளைக்கிறது.
எதைப் பார்த்துக் கிளம்பணும், எதைப் பார்த்து வந்து சேரணும்,
அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.
நடுவில் உள்ளதைக் கோடே பார்த்துக்கொள்ளும்.

காதுக்கு ஆறு. ஏழாவது வைத்தால் கெட்டுவிடும்.
வெள்ளகோவில் பஸ்ஸில் அன்று
கிடாய்க் கொம்புக்கு மூன்று வைத்தேன்,
வாய்க்கால் திருப்பத்துக்கு இரண்டு,
கண்டக்டர் வழுக்கைக்கும் இரண்டே.

ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு
குனிந்து வந்தார் ஒருவர்.
காதுகுத்தில் எடுத்த பழைய போட்டோ.
"அண்ணனுங்க. மத்தியானம் போயிட்டாருங்க.
எட்டுக்கு ஆறு. விடியறதுக்குள்ள முக்குல கட்டோணும்."
நாச்சிமுத்து என்று அடித்தேன்.
கண்ணீருடன் என்ற வரிக்குக் கீழே
தன் பேர் வேண்டாம் என்றார்.
"பொழித் தகராறுங்க. பதினாலு வருசமாப் பேச்சில்லீங்க."

அண்ணன் தோளில் ஒரு கை கிடந்தது.
சட்டையை நகலெடுத்து அதை மூடிவிடலாம்,
அதையும் கற்றிருந்தேன்.
பெரிதாக்கினேன்.
திரையில் தெரிந்த மோதிரம்
என் மேசை விளிம்பைப் பிடித்திருந்த விரலிலும் இருந்தது,
இப்போது இறுக்கமாக.

நான் கேட்கவில்லை.
சுண்டுவிரலில் தொடங்கினேன்.
விரலுக்கும் விரலுக்கும் நடுவே
வளைவு சட்டென்று திரும்புகிறது.
அங்கே ஒரு கைப்பிடியை முறித்தால்தான்
கோடு மனசு மாறும்.
மூன்று இடத்தில் முறித்தேன்.
மணிக்கட்டில்
எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை.

"வாச்சு வேண்டாமுங்க," என்றார்.
"ஊருக்கே தெரியும்."

வாச்சுக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து
தோளைச் சுற்றி, கழுத்தேறி, ஆறு புள்ளியில் காதைக் கடந்து,
இறங்கி வந்தேன்.
பேனா முனையில் சின்ன வட்டம்.
மூடியது.

காலையில் முத்தூர்ப் பிரிவில் பஸ் மெதுவானது.
ஒரு மூலை கட்டாமல் விட்டிருந்தார்கள்,
காற்றுக்கு உப்பியது படம்.
"ஆருதுங் அந்தக் கை?" என்றது பின் சீட்டு.
"அது எடிட்டிங்ல விட்டுப்போனதுங்க.
சரியா வெட்டத் தெரியல," என்றார் கண்டக்டர்.

நான் திரும்பிப் பார்த்தேன்.
சுண்டுவிரலில் ஒரு புள்ளி அதிகம்.