நோக்குநிலைப் பிழை

வினா ஐந்து: படர்க்கையில் ஒரு பத்தி எழுதுக.
களம் தெளிவாக இருக்க வேண்டும்.
முரண் ஒன்று போதும்.

ரோண்டா பார்டி எழுதியிருக்கிறாள்.
களம்: நியூஃபவுண்ட்லாந்து, நண்டு ஆலை மூடிய வாரம்.
பாத்திரங்கள்: அவள், அவள் அப்பா,
ஆல்பர்ட்டா போகப்போகும் ஒரு பெட்டி
(‘பெட்டி குறியீடு’ என்று ஓரத்தில் அம்புக்குறி வேறு).

அவள் படகுத்துறைக்கு வந்தாள்.
அவளுக்குக் குளிரவே இல்லை.
அவள் பெட்டியின் பிடியை விடவில்லை.
அப்பா என் விரல்களை
ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

‘என்’னைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டேன்.
படர்க்கை தன்மையாகிவிட்டது;
விதிப்படி அரை மதிப்பெண் குறையும்.

திருத்த இன்னும் முப்பத்தொரு தாள்.
கெட்டில் கத்தி ஓய்ந்துவிட்டது.
மேலே இருப்பது
இன்னமும் ரோண்டாவின் தாள்தான்,
மதிப்பெண் கட்டம் காலியாக.