நொடிக்கு இருபத்திரண்டு

கீழ்ப்பாக்கம் ஸ்கேன் சென்டரில்
டோக்கன் பதினேழு.
பெயரை மட்டும் கூப்பிட்டாள் அந்தப் பெண்,
என்ன ஸ்கேன் என்று உரக்கப் படிக்கவில்லை.
அதற்கே அவளுக்கு ஒரு கும்பிடு.

லுங்கியை அவிழ்த்துப்
பச்சைத் துணிக்குள் படுத்தேன்.
ஊசி போட்ட டாக்டருக்கு
என் தம்பி மகன் வயதுதான் இருக்கும்.
"பத்து நிமிஷம் பாப்போம் சார்."
காத்திருந்தோம் இருவரும்,
தண்ணி லாரிக்குக் குடங்களோடு நிற்கும் தெருவாட்டம்.

அதுவரை சும்மா இருப்பானேன் என்று
அடிவயிற்றின் வலப்பக்கம் ஜெல் தடவினார்.
அங்கேதான் மூன்று வருஷமாகக் குடியிருக்கிறது
அமலோற்பவத்தின் கிட்னி.
திரையில் சிவப்பும் நீலமுமாய்ப் பொங்கி
வாஷிங் மெஷின் போல இரைந்தது.
"சூப்பரா ஓடுது."
பிறகு கருவி கீழே இறங்கியது.
சத்தம் மெலிந்துபோயிற்று.

நொடிக்கு இருபத்திரண்டு சென்டிமீட்டர்.
முப்பதாவது வேண்டுமாம்.
"அந்தப் பக்கத்து ரத்தக்குழாயைத்தான்
கிட்னிக்குத் திருப்பியிருக்காங்க" என்றார்,
மாடிவீட்டில் மோட்டார் போடுகிறார்கள் என்று
கீழ்வீட்டுக்காரனிடம் சொல்கிற குரலில்.

வெளியே பெஞ்சில் அவள்,
தழும்புள்ள பக்கம் சாயாமல்.
"என்னவாம்?"
"உன்னுது நல்லா குடிக்குது."
"அப்ப உன்னுது?"
"தாகத்துல கெடக்குது."
அவள் சிரித்த சிரிப்பில்
டோக்கன் பதினெட்டு
செல்போனிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

மாத்திரைச் சீட்டை நாலாக மடித்து
ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்,
பர்ஸில் இடமிருந்தும்.