பணிக்கொடைக் கணக்கு

ஜுபைலில் எங்கள் பள்ளிக்கு இரண்டு வாசல்.
ஆண்பிள்ளைகள் பக்கம், சம்பளப் பிரிவில் நான்.
மதிலுக்கு அப்பால், பெண்பிள்ளைகள் பக்கம்
கணித ஆசிரியை ஹெப்சிபா எபனேசர்.
இருபத்தாறு வருடத்தில்
அவர் முகத்தை நான் பார்த்ததில்லை.

தெரிந்ததெல்லாம் கையெழுத்து;
ஏழின் இடுப்பில் ஒரு கோடு போடுவார்.
பிறகு அந்தக் குரல், இணைப்பு எண் 214:
"சதக்கத்துல்லா சார்,
இந்த மாசம் நாற்பது ரியால் கூட வந்திருக்கு.
எண்ணினீங்களா, ஊகிச்சீங்களா?"

என் மகள் அவரிடம் மூன்று வருடம் படித்தாள்.
நோட்டுப் பக்கத்தில் சிவப்பு மை: படி தாண்டாதே.
"வயசுப் புள்ளைகிட்ட இதையெல்லாமா எழுதுவாங்க"
என்று என் மனைவி பதறினாள்.
மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்:
"உம்மா, இது வாசப்படி இல்ல, ஈக்குவேஷன் படி."

இன்று அவள்
கடலைக் குடிநீராக்கும் ஆலையில் உப்பு அளக்கிறாள்.
மளிகைச் சீட்டுக்கும் ஓரத்தில் காரணம் எழுதுகிறாள்.
அவளோடு சண்டை போடவே முடிவதில்லை;
"மூணாவது வரியிலேர்ந்து அஞ்சாவதுக்கு
எப்படி வந்தீங்க வாப்பா?" என்பாள்.

மே மாதம் அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தது.
சேர்ந்தது செப்டம்பர் தொண்ணூற்றாறு.
முடிவது இந்த மாதக் கடைசி.
முதல் ஐந்து வருடத்துக்கு அரை மாதச் சம்பளம்,
மீதிக்கு முழு மாதம்.
மூன்று மாதம் குறைந்தது, போகட்டும் என்று
இருபத்தேழாக்கினேன்.
எழுபத்தெட்டாயிரத்து நானூறு ரியால்.
என் வேலையில்
மரியாதை காட்ட வேறு வழி கிடையாது.

மறுநாள் தள்ளுவண்டியில்
காகிதம் திரும்பி வந்தது, திருத்தப்பட்டு.
27 சுழிக்கப்பட்டிருந்தது.
"இருபத்தாறே முக்கால். தவிர,
2004இல் நாற்பத்தொரு நாள் சம்பளமில்லா விடுப்பு
கழிக்கப்படவில்லை.
3200ஐ 365ஆல் வகுத்து 41ஆல் பெருக்க 359.45.
சரியான விடை 77,240.55."

ஓரத்தில், காரணம் எழுதும் இடத்தில்:
"அந்த நாட்களில் பத்தாம் வகுப்பு பி பிரிவுக்கு
முக்கோணவியல் யாரும் நடத்தவில்லை.
உயரமும் தொலைவும் விளங்காமலே
பதினொரு பேர் தேர்வு எழுதினார்கள்.
அதற்கு நான் கூலி வாங்க முடியாது."

அந்த விடுப்பு விண்ணப்பத்தைத்
தட்டச்சு செய்தவன் நான்.
கணவரின் உடலை ஊருக்குக் கொண்டுபோனார்.
கையொப்பங்களுக்கு மட்டும் இருபத்தாறு நாள் பிடித்தது.
பதினோரு பெயரையும்
அந்த அலைச்சலுக்கு நடுவில் எப்போது எண்ணினார்?

காகிதத்தின் அடியில் எனக்கு மதிப்பெண்:
ஐந்துக்கு மூன்று. "வழிமுறை சரி."
அதை நான் கோப்பில் சேர்க்கவில்லை.
சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கடைசி நாள், தம்மாம் விமான நிலைய வண்டி
பள்ளி வாசலில் நின்றது.
மூன்று பெண்கள், மூவரும் கறுப்பில்,
மூவர் முகத்திலும் திரை.
யார் என்று தெரியாமல்
ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன்.
வெயில் தரையிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.

பெட்டிகளை ஏற்றிய ஓட்டுநர்
"ஒன்பது, எல்லாம் ஆச்சு" என்று கதவைச் சாத்தப்போனார்.

"எண்ணினீங்களா," அரைகுறை உருதுவில் கேட்டது 214,
"ஊகிச்சீங்களா?"

அவர் கதவைத் திறந்து, குனிந்து,
விரலால் தொட்டுத் தொட்டு
ஒன்றிலிருந்து தொடங்கினார்.