டோட்டல் லாஸ்

அடியில் இரண்டே ரிவெட்.
நான்கு மில்லிமீட்டர் துளைமுனையை அதன் தலையில் வைத்து
அவசரப்படாமல் அழுத்தினால்
வெள்ளித் தூசாய்ச் சுருண்டு வரும்.
கூடு தனி, சக்கரம் தனி.
புது பஸ் ஸ்டாண்ட் எதிரே
நூற்றெழுபத்தொன்பது ரூபாய்க்கு வாங்கிய கார்.

அட்டையைக் கிழித்ததற்கே
தமிழ்க்குமரன் இரண்டு நாள் பேசவில்லை.
அவன் சேகரிப்பவன்.
அவன் வீட்டுச் சுவரில் முந்நூறு கார்கள்
பிளாஸ்டிக் குமிழுக்குள் மூச்சுவிடாமல் தொங்குகின்றன.
"பிரிச்சா மதிப்பு போச்சு சார்."
எனக்கென்ன,
மதிப்பைக் குறைத்தே சம்பளம் வாங்குகிறவன் நான்.
இன்சூரன்ஸ் சர்வேயர்.
ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் பாதிக்குப் பாதி,
தகரத்துக்கு வயதைப் பார்த்து.

நகப்பூச்சு கழுவும் தண்ணீரில் ஓர் இரவு ஊறினால்
பந்தயக் கோடுகள் தோலாய் உரிந்துவிடும்.
ஜன்னலுக்கு டீ வடிகட்டியின் வலை.
கூரையில் பீரங்கி: தீர்ந்த ரீஃபில்.
பனங்காட்டுப் பட்டறையில் கொலுசு பற்றவைக்கும் சாந்தரூபி
உடைந்த திருகைக் கொண்டுவந்தாள், இழுவைக் கொக்கிக்கு.
சலங்கை முத்து இரண்டு, முகப்பு விளக்குக்கு.

நசுங்கல் மட்டும் என் கைவேலை.
மரத்தில் மோதினால் பானெட் நடுவில் மடியும்.
தடுப்புச் சுவரை உரசினால் கதவில் நீளக்கோடு,
பின்னால் போகப்போக ஆழம்.
உருண்டால் முதலில் போவது கூரையின் மூலை.
குறட்டைப் பிடித்தால்
கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

சனிக்கிழமை ராத்திரி
அஸ்தம்பட்டியில், அப்சலின் பேட்டரிக் கடை மாடியில்
தெர்மாகோல் ஏற்காடு.
இருபது கொண்டை ஊசி வளைவும் உண்டு, எண்ணிக்கொள்ளலாம்.
ரோட்டோரம் மாக்னசைட் குவாரிப் பக்கம் அள்ளிய வெள்ளைப் பொடி.
உலகத்தில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது.
மேலே ஏரிக்கரையில் ஒரே ஒரு பீப்பாய்.
மிச்சத்தைப் பகடை பார்த்துக்கொள்ளும்,
பகடையை அப்சலின் நாற்பது விதி நோட்டு.

"உங்க வண்டியில ஏன் சார் யாருமே இல்ல?"

பார்த்தேன்.
பதினாலு வண்டி. பதினாலிலும் காலி சீட்டு.
சாந்தரூபி கேட்கும்வரை எனக்கே தெரியாது.
நான் போய்ச் சேரும்போது
வண்டி மட்டும்தான் இருக்கும், அம்மா.
ஆளை யாரோ ஏற்கெனவே கொண்டுபோயிருப்பார்கள்.
மிதியடியில் ஒற்றைச் செருப்பு,
டேஷ்போர்டில் பாதி உரித்த ஆரஞ்சு.
நான் எழுதுவது சேஸிஸ் நம்பரை.

அடுத்த வாரம் தீப்பெட்டியில் ஓர் ஆள் வந்தான்.
பற்றுப்பொடி உருக்கிச் செய்த, அரிசி நீள ஆள்.
கை இருந்தது, கழுத்து இருந்தது.
முகம் வைக்க இடமில்லை.
ஒரு சொட்டு பசையில் உட்காரவைத்தேன்.

ஒன்பதாம் வளைவில் அப்சலின் லாரி இடித்தது.
நான்கு வேண்டும். ஒன்று விழுந்தது.
வண்டி மூன்று வளைவு தாண்டி உருண்டு
ஆறாவதில் மல்லாந்தது.
"டோட்டல் லாஸ்" என்றேன், வாய்ப்பழக்கம்.
எடுக்கப் போனேன்.
உள்ளே ஆள் இல்லை.

செல்போன் வெளிச்சத்தில் தேடினோம்.
எட்டாம் வளைவின் பஞ்சுப் புதரில் குப்புறக் கிடந்தான்.
"செத்துட்டான்னு எந்த விதியில இருக்கு?"
அப்சல் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார்.
இல்லை.
பேனாவை உதறி எழுதினார்:
நாற்பத்தொன்று. ஓட்டுநர் நடக்கலாம்.
முறைக்கு ஓர் அங்குலம்.

பீப்பாயை யார் பிடித்தார்கள் என்று கேட்காதீர்கள்.
பதினொன்றரை வரை
இடுக்கியால் அவனை இறக்கிக்கொண்டிருந்தேன்.
ஏழு. ஆறு. அங்கே தன் வண்டியைத் தாண்டிப் போனான்.
நாலாம் வளைவில் லாரி எதிர்ப்பட்டது.
"இந்த முறை நான் நகரல" என்றார் அப்சல்.
அதற்கும் விதி இல்லை.

அடிவாரத்தில் மேசை முடிகிறது.
அங்கிருந்து வீட்டுக்கு எத்தனை அங்குலம் என்று
எங்கும் எழுதவில்லை.
சாந்தரூபி தீப்பெட்டியைத் திறந்து
விளிம்போடு சேர்த்துப் பிடித்தாள்.