நான்கே கால் வீசை

உளுந்து நிறுக்கும் தராசில் என் பையை ஏற்றினேன்.
ஆறரை வீசை.
மூட்டை தூக்கும் கோ லத் எட்டிப் பார்த்துச் சிரித்தார்:
"என்ன, ஏற்றுமதியா?"

பயின்னவுங் சந்தையில் ஷட்டர்கள்
ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.
பகானுக்குப் போகிறேன். தனியாக.
முப்பத்தொரு வயதில் முதல் தடவையாக
யார் கல்யாணத்துக்கும் இல்லாமல்,
எந்தச் சாமிக்கும் நேர்ந்துகொள்ளாமல்.

அண்ணன் கேட்டது ஒன்றுதான்:
"அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்?"
யாரும் இல்லை.
அதற்காகத்தான் என்று
இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

பேரேட்டின் கடைசிப் பக்கத்தில்,
பருப்பு மண்டிக்காரர்கள் பாக்கியெல்லாம் முடிந்த பிறகு,
என் எழுத்து:
அவுங் மிங்கலாவிலிருந்து இரவு எட்டு மணி பஸ்.
ரயில் மலிவு, ஆனால் எப்போது போய்ச் சேரும் என்று
ரயிலுக்கே தெரியாது.
ஞாவுங் ஊவில் இறங்கும்போது நாலரை.
நாய்களும் குதிரை வண்டிக்காரர்களும்
மட்டும் விழித்திருக்கும் நேரம்.
விடுதிக் கதவு ஆறு மணிக்குத்தான் திறக்குமென்று
போனில் ஒரு பெண் கொட்டாவியோடு சொன்னாள்.
இடையில் உள்ள ஒன்றரை மணி நேரத்துக்கு
என்னிடம் திட்டம் எதுவும் இல்லை.
அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான்
இரவெல்லாம் புரண்டு படுத்து நினைக்கிறேன்.

கைலி நான்கில் இரண்டு வெளியே.
குடை வெளியே; ஜனவரியில் அங்கே மழை ஏது.
அண்ணி செருகிய ஊறுகாய்ப் புட்டி
வெளியே, பிறகு உள்ளே, பிறகு வெளியே.
டார்ச் உள்ளே, புது பாட்டரியோடு.
செருப்பு ஒரு ஜோடி போதும்:
கோயிலுக்குக் கோயில் கழற்றிப் போட வேண்டும்,
வெயில் தின்ற செங்கல்லைப்
பாதம் தானே படித்துக்கொள்ளும்.

அடையாள அட்டை
கை விட்டதும் தட்டுப்படுகிற வெளிப் பையில்.
ஊர் எல்லையில் ஒரு சாவடி உண்டு.
வெளிநாட்டாருக்குக் கட்டணம், நம் ஆட்களுக்கு இல்லை.
என் முகத்தைப் பார்த்ததும்
முதலில் ஆங்கிலம்தான் வரும்:
வெல்கம் மேடம், விச் கன்ட்ரி?
ஷ்வேதகோன் தெற்கு வாசலில்,
நான் பிறந்த ஆஸ்பத்திரி இருக்கும் அதே ஊரில்,
இது எனக்கு நடந்திருக்கிறது.

அதனால் கண்ணாடி முன் நின்று பழகுகிறேன்,
பர்மியத்தில், நிதானமாக, எரிச்சல் தெரியாமல்:
அக்கா, நான் ரங்கூன்காரி.
அக்கா, நான் ரங்கூன்காரி.
மூன்றாவது தடவையில்
குரல் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிடுகிறது.
மறுபடி முதலிலிருந்து.

வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி:
அங்கே ஒரு கல்லில் தமிழ் இருக்கிறதாம்.
எத்தனையோ நூற்றாண்டு முன்னால்
மலைமண்டலத்திலிருந்து வந்த ஒருவன்
கோயிலுக்கு மண்டபம் எடுத்து, கதவு போட்டு,
எரிய ஒரு விளக்கும் கொடுத்தானாம்.
பெருமைப்பட வேண்டிய இடம் என்று தெரியும்.
எனக்கோ வேறு கவலை.
கப்பலை விட்டு இறங்கி
ஆற்றோடு மேலேறி வந்தவன்
தோளில் எத்தனை வீசை?
எந்தச் சாவடியில் அவனை நிறுத்தினார்கள்,
எந்தத் தேசம் என்று யார் கேட்டார்கள்,
எத்தனை தடவை
தனக்குத்தானே சொல்லிப் பார்த்துவிட்டு வந்தான்?
பின்னால் கதவு போடப் போகிறவன்
முதல் நாள் விடியற்காலையில்
எந்தக் கதவு திறக்கட்டும் என்று
எங்கே உட்கார்ந்திருந்தான்?

கல்லில் அதெல்லாம் வெட்டமாட்டார்கள்.

மறுபடி ஏற்றினேன். நான்கே கால்.
ஊறுகாயைக் கோ லத்திடம் கொடுத்தேன்,
அங்கேயே திறந்து முகர்ந்து, தும்மினார்.
பிறகு என் பையை
ஒற்றை விரலால் தூக்கிக் காட்டி,
"உள்ளே ஏதாவது இருக்கிறதா, இல்லையா?"

டார்ச் என்றேன்.